மைக் அமைதியாக இருந்த நாள்

கிரைண்டரை முதலில் ஏற்றாதீர்கள் அண்ணே. பீரோவைப் படுக்கவைத்து ஏற்றிவிட்டு, அது அசையாமல் இருக்க முட்டுக் கொடுத்த மாதிரி கிரைண்டரை வையுங்கள். இந்தக் காவலர் குடியிருப்பில் மாதத்துக்கு ஒரு வீடாவது காலியாகும், இன்னொன்று நிரம்பும். சாமான் ஏற்றுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது பாடமாகிவிட்டது. அவசரமும் வேண்டாம். உங்கள் மாப்பிள்ளை ஒரு கைதியைக் கூட்டிக்கொண்டு மதுரைக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் ஆறுக்கு முன்னால் திரும்பமாட்டார். ஸ்டேஷன் மைக்கில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நான். யார் எங்கே போகிறார், எப்போது வருகிறார் என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

வண்டிக்காரரும் அந்த ஆளும் ஏற்றட்டும். நீங்கள் உள்ளே வந்து உட்காருங்கள். இந்துமதியின் அண்ணன் வந்து என் வாசலோடு போனார் என்றால் எனக்குத்தான் கேவலம். என்னை ஞாபகம் இருக்கிறது இல்லையா? ஜெயக்கொடி. போன தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது முறுக்குத் தட்டு கொண்டுவந்து கொடுத்தேனே, நான்தான். உங்கள் தங்கச்சி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இதோ இந்தச் சுவர் ஒன்றுதான். அரைச் செங்கல் சுவர். கான்ட்ராக்டர் முழுச் செங்கலுக்குக் கணக்குக் காட்டினார் என்பார்கள். அது எனக்குத் தெரியாது.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்றும் தெரியும். உங்கள் வீட்டில் இருக்கிற தங்கச்சியின் சாமானுக்கு மட்டும் வரவில்லை. நீங்கள் கொடுத்த புகாருக்குத் திங்கட்கிழமை டி.எஸ்.பி. ஐயா விசாரணை. இந்துமதியின் கை உடைந்தது வழுக்கி விழுந்தா, அடித்தா என்று கேட்பார். அடிதான் என்று நான் சாட்சி சொல்ல வேண்டும். அதுதானே? சொல்வேனா மாட்டேனா என்பது இருக்கட்டும். நான் உங்கள் தங்கச்சிக்கு என்னென்ன செய்தேன் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மனுஷர்கூட அதைக் கேட்கவில்லை.

மைக் என்றால் கூட்டத்தில் பேசுகிற மைக் இல்லை. வயர்லெஸ் செட். ஸ்டேஷனில் ஒரு மேஜை, அதன்மேல் செட், பக்கத்தில் லாக் புத்தகம். யார் யாரைக் கூப்பிட்டார், என்ன சொன்னார், மணி என்ன, எல்லாம் எழுத வேண்டும். திட்டை மட்டும் எழுதக்கூடாது. 'அறிவுரை வழங்கப்பட்டது' என்று எழுதுவோம். இன்ஸ்பெக்டர் ஐயா ஒருத்தரைத் திட்டினால் அது அவர் காதோடு போகாது. பதினாலு ஸ்டேஷனில் ஒலிக்கும். ரோந்து வண்டியில் ஒலிக்கும். டீக்கடை ஓரம் நிற்கிற டிராஃபிக் போலீசின் இடுப்பில் ஒலிக்கும். டீக்கடைக்காரரும் கேட்பார்.

உங்கள் மாப்பிள்ளை ராஜாங்கம் ஏட்டையா எங்கள் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த முதல் ஜூன் மாதத்தில் தேர். ரத வீதி முனையில் அவருக்கு டியூட்டி. காலையில் நாலு மணிக்கு நிறுத்தியவர்களை மதியம் இரண்டு மணி வரைக்கும் மாற்றவில்லை. மனுஷர் ஒன்றுக்குப் போக ஒரு சந்துக்குள் நுழைந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் ஐயா ஜீப்பில் வந்துவிட்டார். மைக்கை எடுத்தார்.

"யோவ் ராஜாங்கம், எங்கய்யா போய்த் தொலைஞ்ச? உனக்கெல்லாம் எவன்யா ஏட்டுப் பட்டை குடுத்தது? கடையில வாங்கி ஒட்டிக்கிட்டியா?"

"ஐயா... பாத்ரூம் போனேங்கய்யா."

"ஊருக்கே மைக் போட்டுச் சொல்றியா? நில்லுய்யா அங்கேயே."

"நோட்டட் ஐயா."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அடுத்த ஒரு வாரம் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டரிலிருந்து வாசலில் காவல் நிற்கிற பாராக்காரர் வரைக்கும் ஒவ்வொருவரும், "ஏட்டையா, பட்டை எந்தக் கடை? எனக்கும் ரெண்டு சொல்லுங்க" என்று கேட்டார்கள். நானும் ஒரு தடவை கேட்டேன். பகையாகக் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டார்கள், நானும் கேட்டேன்.

தேர் அன்றைக்குச் சாயங்காலம்தான் இந்தச் சுவரில் முதல் சத்தம் வந்தது. முதலில் டி.வி. சத்தம் கூடியது. செய்தி வாசிப்பவர் தெருவுக்கே வாசித்தார். அதற்கடியில் வேறு சத்தம். மறுநாள் தண்ணீர்க் குழாயில் இந்துமதியைப் பார்த்தேன். முந்தானையால் முதுகையும் கையையும் முழங்கை வரைக்கும் இழுத்து மூடியிருந்தாள். "என்னம்மா?" என்றேன். "குழம்புச் சட்டி கவுந்துருச்சுக்கா" என்றாள். "குழம்பு முதுகுலயா கவுந்துச்சு?" என்றேன். சிரித்துவிட்டாள். உங்கள் தங்கச்சிக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும், உங்களுக்குத்தான் தெரியுமே.

இரண்டாவது தடவை சுதந்திர தினத்துக்கு முந்தின நாள். அணிவகுப்பு ஒத்திகைக்கு நாலு நிமிஷம் தாமதம். மைக்கில் திட்டு வாங்கினார். சாயங்காலம் சுவரில் சத்தம். மூன்றாவது தடவை ஒரு வாரண்டை நிறைவேற்றாமல் வைத்திருந்ததற்கு வாங்கினார். அன்றைக்கும் சத்தம். மூன்று தடவை பொருந்தினால் ஒரு போலீஸ்காரிக்கு அது போதும். நான் லாக் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'அறிவுரை வழங்கப்பட்டது' என்று இருந்த தேதியெல்லாம் இந்தச் சுவரில் டி.வி. கத்திய தேதியாக இருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன்.

கண்டுபிடித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? இந்துமதியைக் கூப்பிட்டு ஒரு ஏற்பாடு சொன்னேன். மைக்கில் ஏட்டையாவுக்கு ஒன்றும் விழவில்லை என்றால், நாலு மணிக்கு ஒரு மிஸ்டு கால் தருவேன். லேசாக விழுந்தால் இரண்டு. பலமாக விழுந்தால் மூன்று. மூன்று வந்தால் மகள் யாழினியை என் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். பெல்ட்டு, துடைப்பம், இடியாப்பக் கட்டை எதுவும் கண்ணில் படக்கூடாது. கோழி இருந்தால் கோழி, இல்லாவிட்டால் முட்டையாவது குழம்பில் இருக்க வேண்டும். எதிர்த்துப் பேசக்கூடாது, பேசாமலும் இருக்கக்கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில்.

"அக்கா, ரேடியோவுல மழை வரும்னு சொல்ற மாதிரி சொல்றீங்களே" என்றாள்.

"சொன்னா குடை எடுத்துக்கலாம்ல?"

"வீட்டுக்குள்ளயாக்கா குடை பிடிக்கிறது?"

அப்போதும் சிரித்தாள். ஆனால் ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மூன்று வருஷம், நான் டியூட்டியில் இருந்த ஒரு நாள்கூடத் தவறியதில்லை. காய்ச்சலோடு உட்கார்ந்த நாளிலும் நாலு மணிக்கு மிஸ்டு கால் போயிருக்கும். டிபார்ட்மெண்டில் யாராவது இப்படி ஒரு வேலையை எழுத்து உத்தரவு இல்லாமல் செய்வார்களா? இதற்கு யார் எனக்கு ரிவார்டு கொடுத்தார்கள்?

பலனும் இருந்தது. முன்னால் மாதத்துக்கு ஒன்று என்றால், ஏற்பாட்டுக்குப் பிறகு நாலு மாதத்துக்கு ஒன்று என்று குறைந்தது. யாழினி தன் சோற்றுத் தட்டோடும் பள்ளிக்கூடப் பையோடும் வந்து இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் உட்காரும். வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு, மறுநாள் பாடத்தையும் எழுதிவிடும். அவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை.

ஏட்டையாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முகத்தில் அடிக்கமாட்டார். இந்த மூன்று வருஷத்தில் முகத்தில் ஒரு தழும்பு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எவ்வளவு ஆத்திரத்திலும் அந்த நிதானம் அவருக்கு உண்டு. அடிக்கிறதற்கு முன்னால் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவார், அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இருக்கக்கூடாது என்று.

என்ன கேட்டீர்கள்? ஆத்திரத்தில் கண் தெரியாமல் அடிக்கிறவன் ரிமோட்டை எப்படித் தேடி எடுத்தான் என்றா? அது... மேஜைமேல்தான் இருக்கும் அண்ணே.

நீங்கள் அவரை மனுஷராகவே நினைக்கவில்லை. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் படுகிற பாட்டை நீங்கள் பார்த்ததில்லை. வாராந்திர ஓய்வு என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது. அவர் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோது மூன்று நாள் லீவு கேட்டார். "உங்கப்பன் சாகுறதுக்கு என் பந்தோபஸ்துதான் கிடைச்சுச்சா?" என்று மைக்கில் கேட்டார் இன்ஸ்பெக்டர் ஐயா. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு லீவு கிடைத்தது. இன்ஸ்பெக்டர் ஐயாவையும் சொல்லிப் பயனில்லை. அவரை டி.எஸ்.பி. ஐயா கேட்பார். டி.எஸ்.பி. ஐயாவை எஸ்.பி. அலுவலகத்தில் கேட்பார்கள். மேலேயிருந்து வந்துகொண்டே இருக்கும். எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்?

எனக்கும் விழும். ஏன் விழாது? "ஜெயக்கொடி, மைக்ல தூங்குறியா, குடும்பம் நடத்துறியா?" என்று பதினாலு ஸ்டேஷனுக்குக் கேட்கக் கேட்டிருக்கிறார். நான் வீட்டுக்கு வந்து யாரையாவது அடித்தேனா? எங்கள் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், ராத்திரிதான் வருவார். மகள் தர்ஷினி ஒன்பதாம் வகுப்பு. என் ஷூ சத்தம் படியில் கேட்கிற விதத்தை வைத்தே புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுவாள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. நல்ல பழக்கம். ஒரே ஒரு தடவை கரண்டி பட்டது, அது அவள் குறுக்கே வந்ததால் பட்டது. அது வேறு விஷயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்துமதி ஒரு மனு எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள். அதைச் சொன்னாளா உங்களிடம்? சொல்லியிருக்கமாட்டாள். முழு வெள்ளைத்தாளில் இரண்டு பக்கம். எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஏட்டையா வெளியே போயிருந்தார், நல்லவேளை. நான் அவளை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்தேன். பிறகு ஒரு அக்காவாக எடுத்துச் சொன்னேன்.

"இந்து, இத இங்க வாங்கமாட்டாங்க. மகளிர் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லுவாங்க. நீ அங்க குடுத்தா, அந்த அம்மா எங்க ஐயாவுக்குப் போன் போடுவாங்க. எங்க ஐயா ஏட்டையாவ மைக்குல கூப்பிடுவாரு. அன்னைக்குச் சாயங்காலம் நான் உனக்கு எத்தனை மிஸ்டு கால் குடுக்கணும், நீயே சொல்லு?"

நீங்களே சொல்லுங்கள், எத்தனை என்று உங்களுக்குத் தெரியுமா? அவள் வடையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை. பிறகு மனுவைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போனாள். அவளேதான் கிழித்தாள். நான் தொடக்கூட இல்லை. யார் கேட்டாலும் இதைச் சத்தியமாகச் சொல்வேன்.

இப்போது ஜனவரிக்கு வருகிறேன்.

ஜனவரி இருபத்திரண்டு, புதன்கிழமை. முந்தின வாரம் பஸ் ஸ்டாண்டில் சங்கிலி பறித்துக்கொண்டு ஓடியவனை ஏட்டையா துரத்திப் பிடித்திருந்தார். ஐம்பது வயதில் அந்த ஓட்டம். அந்தப் புதன்கிழமை காலையில் எஸ்.பி. ஐயா நேரில் கூப்பிட்டுக் கை கொடுத்தார். வெகுமதியும் சான்றிதழும் கிடைத்தது. போட்டோ எடுத்தார்கள். மதியம் ஒன்றரை மணிக்கு இன்ஸ்பெக்டர் ஐயா மைக்கில் வந்தார். என்னவோ ஏதோ என்று நான் பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ராஜாங்கம், வெரி குட்யா. ஸ்டேஷன் மானத்தைக் காப்பாத்திட்ட."

ஆறு வருஷத்தில் அந்த மைக்கில் நல்ல வார்த்தை ஒன்று வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். லாக் புத்தகத்தில் அதை எப்படி எழுதுவதென்று எனக்கே தெரியவில்லை. ரைட்டரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் வரைக்கும் வேறு சத்தமே இல்லை. மைக் அவ்வளவு அமைதி. நாலு மணிக்கு மிஸ்டு கால் கொடுக்கப் போனேன். சந்தோஷத்தில் மனசு கேட்கவில்லை, முழுசாகவே பேசிவிட்டேன். "இந்து, இன்னைக்கு ஏட்டையாவுக்கு ராஜ உபசாரம். ரொம்ப நாளா மனசுல வச்சுக்கிட்டு இருக்கியே, உங்கண்ணன் புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போகணும்னு. இன்னைக்குக் கேளு. இந்த நாள விட்டா வேற நாள் வராது."

"நிஜமாவாக்கா?"

"நான் இதுவரைக்கும் தப்பாச் சொல்லியிருக்கேனா?"

அவள் யாழினியை அனுப்பவில்லை. எதற்கு அனுப்ப வேண்டும்? கேசரி கிண்டினாள். வாசனை இங்கே வரைக்கும் வந்தது. நான் நாலரைக்கு டியூட்டி மாற்றிக்கொண்டு வந்து, உடுப்பை மாற்றிவிட்டு இங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஏட்டையா ஐந்து மணிக்கு வந்தார். ஷூவைக் கழற்றுகிற சத்தம். தட்டு வைக்கிற சத்தம். இந்துமதி பேசுவது கேட்டது. வார்த்தை சரியாகக் கேட்கவில்லை, 'அண்ணன் வீட்டுக்கு' என்பதும் 'ரெண்டு நாள்' என்பதும் கேட்டது. பிறகு டி.வி. சத்தம் கூடியது.

நான் நினைத்தேன், இன்றைக்கு அவர் போட்டோவைச் செய்தியில் காட்டுகிறார்கள் போல என்று.

"ஜெயாக்கா" என்று கூப்பிட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டாள் அண்ணே. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், இவ்வளவு தூரத்தில். நான் எழுந்திருக்கவில்லை. எனக்குக் காது கேட்காமல் இல்லை. மைக் அமைதியாக இருந்த நாளில் இந்தச் சுவர் சத்தம் போடாது என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். மூன்று வருஷம் ஒரு தடவைகூடப் பிசகியதில்லையே.

ஆஸ்பத்திரிக்கு ஏட்டையாதான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனார். அதையும் சொல்ல வேண்டும். பாத்ரூமில் சோப்புத் தண்ணீரில் வழுக்கிவிட்டாள் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். கை இரண்டு இடத்தில் உடைந்து, பிளேட் வைத்தார்கள். பால்காய்ப்பை நீங்கள் தள்ளிவைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மறுநாள் முதல் வேலையாக லாக் புத்தகத்தை எடுத்தேன். ஒரு வாரத்துக்குப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எஸ்.பி. அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிப்போன ஜீப் டிரைவரிடம் கேட்டேன். "அங்க யாரும் அவரத் திட்டினாங்களா?" "திட்டவா? காப்பி குடுத்தாங்க. வர்ற வழியெல்லாம் பழைய பாட்டுப் பாடிக்கிட்டே வந்தாரு" என்றார். பாராக்காரரிடம் கேட்டேன், ரைட்டரிடம் கேட்டேன். செல்போனில் யாராவது திட்டியிருப்பார்களோ என்று அதையும் விசாரித்தேன். ஒரு கொலைக் கேசுக்கு நான் இவ்வளவு அலைந்ததில்லை. ஏதோ ஒன்று எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. மைக்கில் வராத ஏதோ ஒரு திட்டு. அது மட்டும் என்னவென்று தெரிந்துவிட்டால் என் மனசு ஆறிவிடும்.

எழுந்துவிட்டீர்களே. உட்காருங்கள். காப்பி ஆறுகிறது பாருங்கள்.

திங்கட்கிழமை விஷயத்தைக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் ஐயா போன வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். மைக்கில் இல்லை, நேரில், கதவைச் சாத்தி. "ஜெயக்கொடி, உனக்கு எதுவும் தெரியாதுல்ல?" என்றார். எங்கள் டிபார்ட்மெண்டில் கேள்வியிலேயே பதில் இருக்கும். "தெரியாதுங்கய்யா" என்றேன். ரைட்டரே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். 'பக்கத்து வீட்டிலிருந்து எவ்விதச் சத்தமும் நான் கேட்கவில்லை.' நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

என் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். கேட்டது என்று சொன்னால், எப்போதிலிருந்து கேட்டது என்பார்கள். மூன்று வருஷம் என்றால், காவலராக இருந்துகொண்டு மூன்று வருஷம் என்ன செய்தாய் என்பார்கள். என் போனை வாங்கிப் பார்ப்பார்கள். மிஸ்டு கால் கொடுத்தேன், கோழிக் குழம்பு வைக்கச் சொன்னேன் என்று எழுதிக்கொடுக்க முடியுமா? மெமோ வரும், இன்கிரிமெண்ட் நிற்கும், மாவட்டத்தின் அந்தக் கோடிக்குத் தூக்கிப் போடுவார்கள். தர்ஷினிக்குப் பத்தாம் வகுப்பு வருகிறது. உதவி செய்தவளுக்கு இதுதான் பலன் என்றால், இனிமேல் யார் யாருக்கு உதவி செய்வார்கள்?

அதனால் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்துமதியே தைரியமாகச் சொல்லட்டும். பாதிக்கப்பட்டவள் சொன்னால் அதற்குத்தான் மதிப்பு. நான் எதற்கு நடுவில்?

என்ன? யார் சொன்னது?

இந்துமதியா? அவள் வாக்குமூலம் கொடுத்துவிட்டாளா? வழுக்கி விழுந்தேன் என்றா?

அவளுக்கென்ன பைத்தியமா? நீங்கள் ஏன் விட்டீர்கள்? பக்கத்திலேயே இருந்தும்...

எனக்காகவா?

இல்லை, சரியாகச் சொல்லுங்கள். என்ன சொன்னாள்? அவள் சொன்ன மாதிரியே சொல்லுங்கள்.

"அவரு அடிச்சாருன்னு நான் சொன்னா ஜெயாக்காவ இழுப்பாங்க. போனப் பாத்தா அக்காவுக்கு மெமோ வந்துரும். அவங்க என்ன தப்பு செஞ்சாங்க?"

அப்படியா சொன்னாள்.

கொஞ்சம் இருங்கள். அடுப்பில் ஒன்றுமில்லை, நான் உள்ளே போய்விட்டு வருகிறேன்.

...ம். ஒன்றுமில்லை. முகம் கழுவினேன். மெமோவாம். பதினாலு வருஷ சர்வீஸில் நான் வாங்காத மெமோவா? ஏழு வாங்கியிருக்கிறேன். ஒன்று தொப்பி சரியாக வைக்காததற்கு. இவள் எனக்கு மெமோ வராமல் பார்த்துக்கொள்கிறாளாம், கையில் பிளேட்டை வைத்துக்கொண்டு.

உங்களிடம் தாள் இருக்கிறதா? வேண்டாம், தர்ஷினி நோட்டில் கிழித்துத் தருகிறேன். நீங்கள் எழுதுங்கள், நான் சொல்கிறேன். எனக்கு இப்போது எழுத்து நேராக வராது. லாக் புத்தகம் வேண்டியதில்லை, எல்லாம் தலையில் இருக்கிறது.

முதலாவது, நான் சொன்ன அந்த ஜூன் மாதத்துத் தேர். ஜூன் பதினாறு. காலை நாலு மணியிலிருந்து மதியம் இரண்டு வரைக்கும் மாற்று ஆள் கொடுக்காமல் நிறுத்தியதால் மன உளைச்சலில்... எழுதுங்கள் அண்ணே, ஏன் நிறுத்திவிட்டீர்கள்? அடுத்தது ஆகஸ்ட் பதினாலு. அணிவகுப்பு ஒத்திகைக்குத் தாமதமானதற்குப் பொதுவெளியில் கண்டிக்கப்பட்டதால்...

தேதி மட்டும் போதுமா? காரணம் வேண்டாமா?

காரணம் இல்லாமல் எப்படி? நான் இவ்வளவு நேரம் சொன்னது முழுக்கக் காரணம்தானே? சரி. உங்கள் இஷ்டம். செப்டம்பர் மூன்று. அக்டோபர் இருபத்தொன்று, டி.எஸ்.பி. ஐயா இன்ஸ்பெக்‌ஷன்... சரி, சரி, இருபத்தொன்று மட்டும். நவம்பர் ஒன்பது. நவம்பர் முப்பது. அடுத்த வருஷம். ஜனவரி பதினேழு, அன்றைக்கு அவர் அப்பாவுக்கு லீவு மறுத்த... பதினேழு. மார்ச் எட்டு. அன்றைக்கு ஸ்டேஷனில் மகளிர் தினக் கேக் வெட்டினோம், எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏப்ரல் நாலு. எழுதுங்கள்.

முடிந்ததா? எத்தனை? எண்ணிப் பாருங்கள். இருபத்து மூன்றா? நான் குறைந்துவிட்டதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொடுங்கள், பார்க்கிறேன்.

இப்படி வெறும் தேதியாக வரிசையாக எழுதிவைத்துப் பார்த்தால், மனுஷர் சும்மாவே அடிக்கிறவர் மாதிரி அல்லவா இருக்கிறது.

இல்லை, தப்பு ஒன்றும் இல்லை. எல்லாத் தேதியும் சரிதான். கடைசித் தேதியும் சரிதான். ஜனவரி இருபத்திரண்டு. அதற்கு எதிரே எழுத என்னிடமும் ஒன்றும் இல்லை.

மேலே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். 'கீழ்க்கண்ட நாட்களில் ராஜாங்கம் தன் மனைவியை அடிக்கும் சத்தத்தை என் வீட்டிலிருந்து நான் கேட்டேன்.' ஏட்டையா என்று போடாதீர்கள், பேர் போதும். 'அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும் கேட்டேன். நான் போகவில்லை.' அதையும் எழுதுங்கள். எழுதுங்கள் அண்ணே, நான்தானே சொல்கிறேன்.

பேனாவை இப்படிக் கொடுங்கள். பேருக்குக் கீழே என் காவலர் எண்ணையும் போடுகிறேன். எண் இல்லாத கையெழுத்தை எங்கள் டிபார்ட்மெண்டில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.